சரித்திரச் சண்டைப் படம் எப்போது பெரிய படமாகிறது? பீடோங் மண்டபத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு சரித்திரப் படம் திரையிடுகிறோம். கட்டணம் கிடையாது. திரை என்று தனியாக எதுவும் கிடையாது, வெள்ளையடித்த சுவர்தான். படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் விவாதம் சூடுபிடிக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்களும், சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே பதில்களை எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. ஏற்பாட்டுக் குழுவிலேயே இவற்றில் பாதியை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களோடு வாதாட விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

ராஜா ராணிப் படமும் சரித்திரப் படமும் ஒன்றுதானே? இரண்டிலும் வாள்தானே சுழல்கிறது?

வாள் ஒன்றுதான், கட்டுப்பாடு வேறு. ‘சந்திரலேகா’ (1948), ‘நாடோடி மன்னன்’ (1958) போன்றவை இல்லாத நாட்டில் நடக்கும் கதைகள். கதாநாயகனைக் காப்பாற்ற வேண்டுமென்று கதாசிரியர் நினைத்தால் காப்பாற்றிவிடலாம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) எடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். டிக்கெட் வாங்கும்போதே எல்லாருக்கும் அது தெரியும். முடிவு தெரிந்த கதையில் கடைசிவரை ஆளை உட்கார வைப்பது தனிக்கலை.

காலமும் சூழலும் உண்மை, ஆட்கள் மட்டும் கற்பனை என்று மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) அப்படிப்பட்டது. மூன்று வகையையும் இங்கே திரையிடுகிறோம். ‘பாகுபலி’ உண்மையில் நடந்த வரலாறு என்று சாதிக்கும் தம்பிகளுக்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. கறிபாப் பலகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

சரி, பெரிய படம் என்பதற்கு உங்கள் அளவுகோல்தான் என்ன?

முதல் வாள் உறையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, தோற்றால் யாருக்கு என்ன போகும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ‘யாருக்கு’ என்பதில் அரசனும் சேனாபதியும் மட்டும் இருந்தால் அது நல்ல படம். அகழி வெட்டியவனும் அரிசி மூட்டை சுமந்தவனும் குதிரைக்குப் புல் அறுத்தவளும் இருந்தால் அது பெரிய படம். தோட்டத்துப் பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் திடலில், வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். திரையில் புழுதியோடு புழுதியாக ஓடும் ஆயிரம் பேரில் ஒருவனுக்காவது முகம் இருக்கிறதா என்று நாம் தேடாவிட்டால் வேறு யார் தேடுவார்கள்?

கூட்டமும் செலவும் பெரிதாக இருந்தால் படமும் பெரிதாகிவிடாதா?

ஆகாது. ‘வாட்டர்லூ’ (1970) படத்துக்காகச் சோவியத் ராணுவம் ஏறத்தாழ 15,000 வீரர்களை அனுப்பியது. கணினி இல்லாத காலம். திரையில் தெரியும் ஒவ்வொரு தலையும் நிஜத் தலை. குதிரைப்படை சதுர சதுரமாக நிற்கும் காலாட்படையைச் சுற்றிச் சுழலும் காட்சியை வானிலிருந்து பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும். ஆனால் அந்தச் சதுரங்களுக்குள் நிற்கும் ஒருவனைப் பற்றியும் நமக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. வியப்பு இருக்கிறது, கவலை இல்லை. படம் வசூலிலும் தோற்றது.

‘ஏழு சாமுராய்’ படத்தில் கொள்ளையர் மொத்தம் 40 பேர். காக்க வந்த சாமுராய்கள், அதாவது ஜப்பானியப் போர்வீரர்கள், ஏழு பேர். நடுவில் ஓர் ஏழைக் கிராமம். ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. சாமுராய்களைத் தேடிப் பட்டணத்துக்கு வந்த விவசாயிகள் கூலிக்காரர்கள் தங்கும் குடிசையில் கிடக்கிறார்கள். கூலிக்காரர்கள் அவர்களை நாள்முழுக்கக் கேலி செய்கிறார்கள். பெரிய சாமுராய் இந்த வேலையை ஏற்கத் தயங்கும்போது, அந்தக் கேலிக்காரர்களில் ஒருவனே கொதித்தெழுகிறான். வெள்ளைச் சோறு நிரம்பிய கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டி, இது உங்களுக்கு, இந்த முட்டாள்கள் தின்பது சிறுதானியம் என்று கத்துகிறான். சாமுராய் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்குகிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். போர் அங்கேயே தொடங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் படம் ஓடினாலும், ஒவ்வொரு வெட்டிலும் அந்தக் கிண்ணம் இருக்கிறது. படத்தைத் தள்ளிவிட்டது ஒரு கூலிக்காரனின் ரோஷம் என்பதைக் கவனியுங்கள். கதை கிராமத்துக்குப் போன பிறகு அவன் திரையில் வருவதே இல்லை.

அதே படத்தில் கணக்கும் இருக்கிறது. கிராமத்தின் வரைபடம் ஒன்று, ஓரத்தில் 40 வட்டங்கள். ஒரு கொள்ளையன் விழுந்தால் ஒரு வட்டத்தில் கோடு. எத்தனை பேர் மீதி என்பது கடைசி வரிசையில் பாய்போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். 15,000 பேரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரால் எண்ண முடியும்?

நல்ல சண்டைக் காட்சியை எப்படி அடையாளம் காண்பது?

யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே போக வேண்டும், எது தடுக்கிறது. இந்த மூன்றும் ஒரு பார்வையில் புரிய வேண்டும். இப்போது வரும் பல படங்களில் வாள் வீச்சு ஒன்றுக்கு நான்கு படத்தொகுப்பு வெட்டுகள். அடித்தவன் யார், அடிவாங்கியவன் யார் என்று தெரிவதற்குள் மூன்று பேர் பறந்து போய் விழுந்துவிடுகிறார்கள். குழப்பத்தை வேகம் என்று விற்கிறார்கள்.

‘பென்-ஹர்’ (1959) படத்தின் தேர்ப்பந்தயத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள். வெள்ளைக் குதிரைகள் கதாநாயகன் யூதாவுக்கு, கறுப்புக் குதிரைகள் எதிரி மெஸ்ஸலாவுக்கு. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நடுமேடையில் ஒரு டால்பின் சிலை கவிழும். குழந்தைகூட எண்ணலாம். பந்தயம் ஓடும்போது பின்னணி இசை அறவே கிடையாது. குளம்பும் சக்கரமும் கூட்டத்தின் இரைச்சலும்தான். ஓட்டுகிற இருவரும் சிறுவயதுத் தோழர்கள் என்பதும், ஒருவன் மற்றவனின் தாயையும் தங்கையையும் சிறைக்கு அனுப்பியவன் என்பதும் நமக்கு ஏற்கெனவே தெரியும். சக்கரம் உரசும்போது பல் கூசுவது அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. குரோசவாவின் ‘ரான்’ (1985) படத்தில் ஒரு கிழப் பிரபு இருக்கும் கோட்டையை அவர் பிள்ளைகளே தாக்கி வீழ்த்தும் காட்சி. அம்பு மழை, தீ, பிணக்குவியல். ஆனால் போரின் சத்தம் ஒன்றுகூடக் கேட்காது. தோரு தகேமிட்சுவின் சோக இசை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று துப்பாக்கி வெடிக்கும். தம்பியின் ஆள் அண்ணனை முதுகில் சுட்ட வெடி அது. அந்த நொடியில் எல்லாச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வந்து காதில் அறையும். நம் மண்டபத்தில் இதைப் போட்டபோது ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் ஒயரைப் பிடுங்கப் போனார்.

தமிழ்ப் படத்துக்கு வாள் முக்கியமா, வசனம் முக்கியமா?

வசனமும் ஆயுதம்தான். கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் 1798இல் இராமநாதபுரத்தில் சந்தித்தார்கள் என்பது வரலாறு. படத்தில் அந்தச் சந்திப்பு சொற்போராகிவிட்டது. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் முழங்கிய அந்தக் காட்சியில் உறையைவிட்டு வாள் வருவதற்கு முன்பே கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, தோற்றுவிடுகிறது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்களில் அட்டைக் கிரீடத்தோடு அந்தக் காட்சியை முழங்காத பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்றைய படங்களில் அரசர்கள் கிசுகிசுக்கிறார்கள். இயல்பாக இருக்கட்டும் என்கிறார்கள். பத்தாயிரம் பேர் நிற்கும் களத்தில் கிசுகிசுத்தால் முதல் வரிசைக் குதிரைக்குக்கூடக் கேட்காதே!

கதைக்காக வரலாற்றை மாற்றலாமா?

மாற்றாமல் எடுக்கவே முடியாது. பத்து ஆண்டுகளை இரண்டரை மணி நேரத்தில் அடக்கும்போது நான்கு தூதர்கள் ஒருவராவார்கள், மூன்று போர்கள் ஒன்றாகும். அதில் தவறு இல்லை. ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில் ரோமப் பேரரசன் கொமோடஸ் அரங்க மணலில் விழுகிறான். உண்மையில் கி.பி. 192இல் நார்சிசஸ் என்ற மல்லன் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். அரங்கத்தில் சண்டையிடும் பித்து அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஆகவே படம் செய்த மாற்றம் அவன் குணத்தோடு ஒத்துப்போகிறது.

வேறு வகை மாற்றம் கதையையே கெடுத்துவிடும். 1297இல் ஸ்டர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலேயரை வென்றார்கள். மரப்பாலம் குறுகலானது. ஆங்கிலப் படையில் ஒரு பகுதி மட்டும் அக்கரை சேரும்வரை பொறுத்திருந்து பாய்ந்தார்கள். சின்னப் படை பெரிய படையை வென்ற சூட்சுமமே அந்தக் குறுகலான பாலம்தான். ‘பிரேவ்ஹார்ட்’ (1995) அந்தப் போரைக் காட்டுகிறது, பாலத்தைக் காணோம்! திறந்த புல்வெளியில் மோதுகிறார்கள். சண்டை விறுவிறுப்பாக இருக்கிறது, ஐந்து ஆஸ்கர் வாங்கியது, எல்லாம் சரி. ஆனால் புத்தியால் கிடைத்த வெற்றி ஆவேசத்தால் கிடைத்த வெற்றியாகிவிட்டது. ஏழை ஜனங்கள் ஜெயிக்க ஆவேசம் போதும், மூளை வேண்டாம் என்று சொன்னதுபோல எனக்குப் படுகிறது.

‘குவாய் நதிப் பாலம்’ நம் கதைதானே? என் தாத்தா அங்கே போனார் என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படம் 1957இல் வந்தது. ஏழு ஆஸ்கர் பெற்றது. சயாம் பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் கதை. படமாக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல. படத்தில் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். உண்மையில் நேசநாட்டு விமானங்கள் 1945இல் குண்டு போட்டன. இவையெல்லாம் சினிமாவுக்கான மாற்றங்கள், விட்டுவிடலாம்.

விட முடியாதது ஒன்று இருக்கிறது. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை அமைக்க ஜப்பானியர் போர்க்கைதிகளைவிட மிக அதிகமாக ஆசியத் தொழிலாளர்களைத்தான் கொண்டுபோனார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களும் பல்லாயிரம். கைதிகளுக்காவது ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது, பிறகு கல்லறையும் எழுந்தது. நம்மவர்களுக்கு அதுகூட இல்லை. படத்தில் அவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

இதனால் அது மோசமான படமா? இல்லை. கைதிகளின் தலைவரான கர்னல் நிக்கல்சன் எதிரிக்காகப் பாலம் கட்டுவதையே தன் பெருமையாக நினைக்கத் தொடங்கும் இடம், சினிமாவில் மனித மனத்தைக் காட்டிய மிக நல்ல இடங்களில் ஒன்று. ஆண்டுக்கொரு முறை அதைத் திரையிடுகிறோம். திரையிட்ட பிறகு சபையில் யாராவது ஒரு பெரியவரை எழுந்து, தன் வீட்டிலிருந்து போனவர்களைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். படம் விட்ட இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். இந்த ரயில்பாதையைத் தோட்டத்துக்காரன் கண்ணால் பார்க்கும் பெரிய படம் ஒன்று வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இராஜேந்திர சோழன் கடாரம் வென்ற கதை எடுத்தால் நாம் எந்தப் பக்கம் நின்று கைதட்டுவது?

நல்ல கேள்வி, ஆனால் தஞ்சாவூரில் இருப்பவருக்கு இந்தச் சங்கடமே வராது. நாம் குடியிருப்பது கடாரத்தில், இன்றைய கெடாவில். பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக் போகும் சாலையோரம்தான் சுங்கை பத்து அகழாய்வுக் களம். இரும்பு உருக்கிய உலைகளின் தடமும், உலைக்குக் காற்றுச் செலுத்திய களிமண் குழல்களும் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. இன்னும் கொஞ்சம் போனால் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். ஓடைக்கரையில் கல்லடுக்கி மீட்டெடுத்த புக்கிட் பத்து பஹாட் கோயில்.

1025இல் சோழர் கடற்படை இந்தப் பக்கம் வந்தது. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுப் புகழுரை, ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று ஆரம்பித்து, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று ஊர் ஊராக அடுக்கிக் கடாரத்தில் வந்து முடிகிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டான். கேட்க உடம்பு சிலிர்க்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நாடகம் இருப்பது அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால். இராஜராஜன் காலத்தில் இதே கடாரத்து அரச குலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழ அரசன் தானமாகக் கொடுத்தான். தந்தை வாய்மொழியாகக் கொடுத்த அந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்தவன் மகன் இராஜேந்திரன். அதே கை பிறகு கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியது. ஏன்? கடல் வணிகப் போட்டி என்பார்கள், சீனாவுக்குப் போகும் வழி என்பார்கள். விகாரத்தில் மணியடித்துக்கொண்டிருந்த பிக்கு அன்று என்ன நினைத்திருப்பார்? இரண்டு கரைக்கும் போய்வந்த தமிழ் வணிகன் யாருக்காகக் கவலைப்பட்டிருப்பான்? அவன் கிட்டங்கியும் கடனும் இங்கே, மனைவி மக்கள் நாகப்பட்டினத்தில்.

என்னிடம் கேட்டால், அந்த வணிகனின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைப்பேன். சுங்கை பத்து உலையில் இரும்பு உருக்கும் ஓர் உள்ளூர்க்காரனும் அவனும் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அடிவானத்தில் பாய்மரங்கள் தெரியட்டும். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கட்டும். ஒருவனுக்கு அது சொந்த ஊர்க் கொடி, மற்றவனுக்கு எமன். கைதட்டுவதா வேண்டாமா என்று மண்டபமே தவிக்க வேண்டும். புலிக்கொடி பறப்பதை மட்டும் மூன்று மணி நேரம் காட்டினால் அது படம் ஆகாது, ஊர்வலம்.

மலாய்ச் சரித்திரப் படங்களில் பார்க்க வேண்டியவை உண்டா?

உண்டு. ‘ஹங் துவா’ (1956) படத்தில் பி. ரம்லி கதாநாயகன், இந்தியாவிலிருந்து வந்த பனி மஜும்தார் இயக்குநர். கதை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்ததுதான். பழி சுமத்தப்பட்ட மலாக்கா வீரன் துவாவுக்குச் சுல்தான் மரண தண்டனை விதிக்கிறார். நண்பன் இறந்துவிட்டான் என்று நம்பி ஜெபாத் அரசனுக்கு எதிராகக் கிளம்புகிறான். ஒளித்துவைக்கப்பட்டிருந்த துவாவையே அழைத்து, ஜெபாத்தைக் கொல் என்கிறார்கள். தனக்காகக் கலகம் செய்தவனைத் தானே கொல்ல வேண்டும். விசுவாசமா, நியாயமா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டையைவிடப் பெரிய சண்டை கிடையாது. 1961இல் ஹுசைன் ஹனிஃப் ஜெபாத்தை நடுவில் வைத்து ‘ஹங் ஜெபாத்’ எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள்.

2022இன் ‘மாட் கிலாவ்’ வசூலில் சாதனை படைத்தது. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் சண்டைகள் அபாரம். எதிராளிகளுக்கும் ஒரு காரணம் கொடுத்திருக்கலாம்.

நடுவில் பாட்டு எதற்கு?

‘சந்திரலேகா’வைப் பார்த்தபின் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நடனம். முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். பாட்டு நீள நீள நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடனம் முடிந்ததும் முரசு திறக்கிறது, வாள் வருகிறது. எஸ்.எஸ். வாசன் பாட்டையே போரின் முதல் பாதியாக்கிவிட்டார். இப்படி வைக்கத் தெரியாதவர்கள் பாட்டை எடுத்துவிடலாம்.

கணினி வரைகலை வந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டதே?

எண்ணிக்கை சுலபமாகிவிட்டது, எடை வரவில்லை. ‘ரான்’ படத்துக்காக ஃபூஜி மலைச்சரிவில் கோட்டை ஒன்றைக் கட்டி உண்மையாகவே எரித்தார்கள். அந்தக் கிழப் பிரபு தீக்குள்ளிருந்து படியிறங்கி வரும்போது நடிகரின் பின்னால் இருப்பது நிஜத் தீ. நம் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. இருந்தாலும் கணினியை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். பழைய படங்களில் குதிரைகளைக் கம்பி கட்டி விழவைத்த கொடுமையெல்லாம் இனித் தேவையில்லை.

இந்தப் படங்களில் பெண்களுக்கு என்ன வேலை? ஜன்னலில் நின்று அழுவதுதானா?

பல படங்களில் அதுதான். ஆனால் முரசு நடனத்தை நிபந்தனையாக வைத்து வில்லனை ஏமாற்றுகிறவள் சந்திரலேகா. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் (2022) குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நின்று புன்னகையோடு பேசும் காட்சி, அந்தப் படத்தின் எந்தப் போரைவிடவும் கூர்மையானது.

நம் மண்ணிலேயே யாரும் சரியாக எடுக்காத கதை இருக்கிறது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தளபதி டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். பால்வாளி தூக்கிய கையில் துப்பாக்கி. 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது விமானத் தாக்குதலுக்கு ஒளிந்து, இரவில் நடந்து, ஆறு கடந்து திரும்பினார்கள். வெற்றியில் முடியாத கதை. அதற்காகவே அது பெரிய படமாகும் தகுதி உள்ளது. அவர்களில் ஒருவரான ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் இந்நாட்டு மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். போர் முடிந்த கையோடு, 1946, 47 வாக்கில், நம் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்தது. அணிவகுத்து நின்ற அந்தக் கூலிக்காரர்களின் கதைக்குக் கிரீடமும் அரியணையும் தேவையில்லை.

பெரிய திரையில் பார்த்தால்தான் பெரிய படமா? கைப்பேசியில் பார்த்தால் ஆகாதா?

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தில் கானல்நீருக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, மெல்ல மெல்ல ஒட்டகமாகி, மனிதனாகும். கைப்பேசியில் அந்தப் புள்ளி திரையில் ஒட்டிய தூசியாகத்தான் தெரியும். துடைத்துப் பார்ப்பீர்கள்.

ஆனால் நல்ல படத்துக்கு நல்ல கொட்டகை கட்டாயம் என்றும் சொல்ல மாட்டேன். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்பக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார், எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல ஓடும். ரீல் மாற்றும் இடைவெளியில் கடலை விற்பவரின் விளக்கு மட்டும் எரியும். அவர்களுக்குக் கதை புரியாமல் போகவில்லை.

சிறுவர்களை அழைத்து வரலாமா?

‘பென்-ஹர்’, ‘கட்டபொம்மன்’, ‘சந்திரலேகா’ ஆகியவற்றுக்கு வரலாம். ‘ரான்’, ‘பிரேவ்ஹார்ட்’ வேண்டாம்.

இதுவரை இந்த வகைப் படம் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது?

‘சந்திரலேகா’விலிருந்து. மொழித்தடை இல்லை, அலுப்பு இல்லை. அடுத்து ‘கட்டபொம்மன்’. மூன்றாவதாக ‘பென்-ஹர்’. அதற்குள் உட்காரும் பொறுமை வந்திருக்கும், அப்போது ‘ஏழு சாமுராய்’. ‘குவாய் நதிப் பால’த்தை மட்டும் வீட்டில் தனியாகப் பார்க்காமல் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டியவை நிறைய இருக்கும்.

அடுத்த மாதம் இங்கே ‘ஏழு சாமுராய்’தான். 207 நிமிடம் ஓடும், நடுவில் இடைவேளை உண்டு. படத்துக்குக் கீழே வசனம் மலாய் எழுத்தில் வரும். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து மெல்லச் சொல்லச் சொல்கிறோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிந்தவர்கள் பாய் எடுத்து வாருங்கள்.